மணப்பாறைத் தண்ணீரும் மங்கிப்போகும் தொட்டியும்

வீட்டில் பல வருஷமாக இருந்த கண்ணாடி மீன் தொட்டியைக் கம்பி நார் போட்டே தேய்த்துப் பழகியிருப்பார்கள். அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு, எடை குறைவு, பிள்ளைகள் இடித்தாலும் சட்டென்று உடையாது என்று அக்ரிலிக் தொட்டி ஒன்றை வாங்கி வைப்பார்கள். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை இறைத்துவிட்டு, அதே நாரால், அதே பலத்தோடு தேய்ப்பார்கள். காய்ந்ததும் பார்த்தால் தொட்டி முழுக்க மங்கல். பதறிப்போய் மறுபடி தண்ணீர் ஊற்றினால், மங்கலில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

கண்ணாடிக்கு ஆகாதது அக்ரிலிக்குக்கு ஏன் ஆகிறது? தண்ணீர் ஊற்றியதும் மங்கல் எங்கே போனது? இந்த இரண்டு கேள்விகளையும் தொட்டி வைத்திருக்கும் எவரும் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தொட்டியை அவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டிய நிலை முதலில் ஏன் வந்தது? மணப்பாறை மாதிரி ஊர்களில் அதற்கான பதில் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முறுக்குக்கு ருசி, தொட்டிக்குக் கறை

திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் மணப்பாறை. ஒரே மாவட்டம்தான் என்றாலும் ஸ்ரீரங்கத்தின் நிலமும் இதுவும் வேறு வேறு. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆறு கொண்டுவந்து போட்ட மணலின் மேல் இருக்கிறது. மணப்பாறை பாறை மேட்டில் இருக்கிறது. இங்கே போர் போட்டால் வரும் தண்ணீர், பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கியிருந்த மழைநீர்.

மழைநீர் வானத்திலிருந்து விழும்போது அதில் உப்பு அநேகமாக இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை அது வாங்கிக்கொண்டு மிக லேசான அமிலமாகிவிடுகிறது. அந்த லேசான புளிப்பு போதும். வழியில் உள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போகும். இப்படிச் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறிய தண்ணீரைத்தான் பாடப்புத்தகம் கடின நீர் என்கிறது. நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம்.

மணப்பாறை முறுக்கின் ருசிக்கு இந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் லேசான உப்புதான் காரணம் என்று முறுக்கு போடுகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த முறுக்கு 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. மாவில் கலந்தால் ருசி தருகிற அதே தண்ணீர், மீன் தொட்டியில் நின்றால் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு போடுகிறது. விரலால் தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். துணியால் துடைத்தால் போகாது.

அந்தக் கோடு நீர்மட்டத்தில்தான் வரும், அடியில் வராது. தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு காற்றோடு சேரும் இடம் அதுதான். வாயு வெளியேறியதும் தண்ணீரால் சுண்ணாம்பைக் கரைத்துவைத்திருக்க முடிவதில்லை. பாறைக்குள் நடந்த வேலை அப்படியே திருப்பி நடக்கிறது. சுண்ணாம்பு சுவரில் படிகிறது. ஃபில்டரிலிருந்து தெறிக்கும் துளிகள் காயும் இடத்திலும் இதே கதைதான்.

ஒரு தொட்டி, ஒரு கணக்கு

எவ்வளவு படியும் என்று ஒரு தொட்டியை வைத்தே பார்த்துவிடலாம். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் மூன்றடித் தொட்டி. நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 45. அதில் 40 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நிரப்பினால் 162 லிட்டர் பிடிக்கும்.

வெயில் காலத்தில், மின்விசிறி சுற்றும் அறையில், மூடி இல்லாத இந்தத் தொட்டியில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாக இருக்கும். அளந்தால் 2 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு பின்தங்கிவிடும். மட்டம் குறைந்துவிட்டதே என்று மறுநாள் போர்த் தண்ணீர் 2 லிட்டர் ஊற்றுகிறோம். அதோடு புதிதாக உப்பும் உள்ளே போகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரக்கட்டுப்பாடு ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருந்தால் நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600ஐயே எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் ஊற்றினால் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து தொட்டிக்குள் போகிறது. மாதத்துக்கு 36 கிராம். முதலில் நிரப்பிய 162 லிட்டரில் இருந்ததே 97 கிராம்தான். ஆக, தண்ணீரை மாற்றாமல் ஊற்றி ஊற்றியே சமாளித்தால் மூன்று மாதத்தில் தொட்டிக்குள் இருக்கும் உப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். எல்லாமே சுவரில் ஒட்டிவிடாது. கல்லிலும் செடியிலும் ஃபில்டரிலும் படியும், கொஞ்சம் கரைந்தே இருக்கும். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருஷம் முழுவதும் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றுவது வேறு, தண்ணீர் மாற்றுவது வேறு. பழைய தண்ணீரில் கால் பங்கை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால், சேர்ந்த உப்பில் கால் பங்கும் வெளியே போகிறது. குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பினால் உப்பு வெளியேற வழியே கிடையாது. சிலர் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று தொட்டியில் ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவுநீரில்தான். அதைத் தொட்டிக்கு விடவே கூடாது.

எது எதைக் கீறும்

இனி முதல் கேள்வி. 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் ஒரு எளிய அளவுகோலை வகுத்தார். எது எதைக் கீறுகிறதோ அது அதைவிடக் கடினம். மிக மெதுவான மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. மற்றதெல்லாம் இடையில். நம் நகம் ஏறத்தாழ இரண்டரை. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. அக்ரிலிக் சுமார் 3. கம்பி நாரில் இருக்கும் இரும்பு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நிற்கிறது.

விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. கம்பி நார் கண்ணாடியைவிட மெதுவானது, அக்ரிலிக்கைவிடக் கடினமானது. ஒரே நார் ஒன்றின் மேல் வழுக்கிப் போகிறது, மற்றொன்றின் மேல் உழுதுகொண்டு போகிறது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இன்னும் மோசம். அது பார்வைக்கு மெத்தென்று இருந்தாலும், பல பச்சை நார்களில் அலுமினிய ஆக்சைடு துகள்களை ஒட்டியிருப்பார்கள். மாணிக்கக் கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான். அதன் கடினம் 9. கண்ணாடியையே அது மெல்லக் கீறும். அக்ரிலிக்கின் மேல் அது பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நார் மட்டும் குற்றவாளி இல்லை. மணப்பாறைப் பக்கம் பாறை உடைந்து உண்டான மண். அதில் படிகக்கல் துகள் ஏராளம், அதன் கடினம் 7. தொட்டியின் வெளிப்புறத்தில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் நாம் துடைப்பது அந்தத் துகள்களைக் கொண்டுதான். போதாக்குறைக்கு அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னூட்டம் ஏறி இன்னும் தூசியை இழுத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்கத் தூசி வருகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். ஈரத் துணி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

உள்ளேயும் ஆபத்து உண்டு. தொட்டியின் அடியில் பரப்பிய மணலில் ஒரே ஒரு துகள், பாசி துடைக்கும் காந்த கிளீனருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் போதும். கை போகும் தடமெல்லாம் கோடு விழும். ஆகவே மணல் மட்டத்துக்கு மேலே நாலு விரல் அளவுக்குள் காந்தத்தைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அந்தக் கீழ்ப்பகுதியைக் கையால், துணியைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பதே சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைப் படிவின் கடினமும் 3ஐ ஒட்டியதுதான். சில வகைப் படிவு இன்னும் கொஞ்சம் கூடுதல். காய்ந்த கறையைச் சுரண்டி எடுக்கும்போது உதிரும் தூளே தேய்ப்புப் பொடியாக வேலை செய்கிறது. அதனால்தான் அதைச் சுரண்டக் கூடாது, கரைக்க வேண்டும். அந்த முறையைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீருக்குள் ஒளியும் கீறல்

தண்ணீர் ஊற்றியதும் மங்கல் மறைந்த மர்மத்துக்கு விடை ஒளியிடம் இருக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைக் காட்டும் எண்ணை ஒளிவிலகல் எண் என்பார்கள். காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33. அக்ரிலிக்குக்கு 1.49. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் இந்த எண்களின் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஒளி சிதறும், திரும்பும்.

கீறல் என்பது ஒரு குட்டிப் பள்ளம். தொட்டி காய்ந்திருக்கும்போது அந்தப் பள்ளத்தில் காற்று இருக்கிறது. 1.49க்கும் 1க்கும் வித்தியாசம் பெரிது, ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடித்துப் பளிச்சிடுகிறது. நேராக விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 4 பங்கு அந்த எல்லையில் திரும்பிவிடும். தண்ணீர் ஊற்றினால் பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். 1.49க்கும் 1.33க்கும் வித்தியாசம் சின்னது; திரும்பும் ஒளி 1000க்கு 3 பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கீறல் அங்கேயேதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு மட்டும் அகப்படுவதில்லை.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் கிடைக்கின்றன. உள்சுவரில் விழுந்த மெல்லிய கீறலுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். தண்ணீர் அதை மறைத்துவிடும். வெளிச்சுவரில் விழுந்தது எப்போதும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் எப்போதும் தெரியும். அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பழைய தொட்டி வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் நிரம்பிய தொட்டியைப் பார்த்து விலை பேசக் கூடாது. காய்ந்த தொட்டியில், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குள் வைத்த பிளாஸ்டிக்

இது என்ன பொருள், மீனுக்குக் கெடுதல் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. அக்ரிலிக், 1933இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக்கு இதைக் கூரையாகப் போட்டார்கள். குண்டடிபட்டு அந்தக் கூரை சிதறியபோது சில விமானிகளின் கண்ணுக்குள் துணுக்குகள் பாய்ந்தன. கண் அந்தத் துணுக்குகளை எதிர்த்து வீங்கவில்லை, பேசாமல் பொறுத்துக்கொண்டது. இதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அக்ரிலிக்கால் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். கண்புரை அறுவையில் லென்ஸ் வைக்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், இந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து காட்டியது. நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ பேர் கண்முகாமுக்குப் போய்வந்து பேரப்பிள்ளை முகம் பார்த்தது அக்ரிலிக் வழியாகத்தான். கண் பொறுத்துக்கொண்ட பொருளை மீனும் பொறுத்துக்கொள்ளும்.

தொட்டிக்கு இது ஏற்றது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நம்முடைய மூன்றடித் தொட்டியை 10 மில்லிமீட்டர் பலகையில் செய்தால் கண்ணாடியில் ஏறத்தாழ 40 கிலோ எடை வரும், அக்ரிலிக்கில் 19 கிலோ. சாதாரணக் கண்ணாடி தடிக்கத் தடிக்க, அதிலுள்ள இரும்பால் பச்சை தட்டும். அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் தெளிவாக இருக்கும், சூடாக்கி வளைக்கவும் செய்யலாம். சென்னை ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் இருக்கும் விஜிபி மரைன் கிங்டம் போன்ற இடங்களில் தலைக்கு மேல் சுறா நீந்தும் குகைவழிகளை அமைக்க முடிந்தது இதனால்தான்.

தேய்க்காமலே வரும் விரிசல்

கீறல் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. அதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் கடை கல்லாவிலும் வங்கிக் கவுன்டரிலும் அக்ரிலிக் தடுப்பு வைத்தார்கள், நினைவிருக்கும். அதில் சிலவற்றைத் தினமும் சானிடைசர் தெளித்துத் துடைத்தார்கள். சில மாதங்களில் ஓரங்களிலும் திருகாணி போட்ட ஓட்டைகளைச் சுற்றியும் மயிரிழை போன்ற விரிசல்கள் கூட்டங்கூட்டமாகத் தோன்றின. யாரும் அழுத்தித் தேய்க்கவில்லை. எங்கிருந்து வந்தது விரிசல்?

அக்ரிலிக் ஒரு பலபடி. ஒரே மாதிரியான சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து உண்டான நீளச் சங்கிலிகளைப் பலபடி என்கிறோம். இடியாப்பத்தைப் பிழிந்து வைத்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி ஒரே வட்டாக நிற்கின்றன அல்லவா? அக்ரிலிக்கின் சங்கிலிகளும் அப்படித்தான் நிற்கின்றன. இழைக்கும் இழைக்கும் பசை போட்டு ஒட்டவில்லை, சிக்கல்தான் பிடிமானம். இடியாப்பத்தில் தேங்காய்ப் பால் ஊற்றினால் இழைகள் நெகிழ்ந்து பிரிவதுபோல, சில திரவங்கள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து சிக்கலைத் தளர்த்திவிடும். சானிடைசரில் இருக்கும் சாராயம், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் அசிடோன், பெட்ரோல் எல்லாம் இந்த வகை.

சும்மா கிடக்கும் பலகையில் கொஞ்சம் சாராயம் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இழுவிசையில் இருக்கும் பலகையில் பட்டால்தான் வினை. தளர்ந்த இடத்தை இழுவிசை பிளந்துவிடும். மீன் தொட்டியோ எப்போதும் இழுவிசையில் இருக்கும் பொருள். நம் மூன்றடித் தொட்டியின் நீளச் சுவரைத் தண்ணீர் எவ்வளவு பலத்தோடு வெளியே தள்ளுகிறது தெரியுமா? கணக்குப் போட்டால் சுமார் 72 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்பதற்கு ஒப்பு. மூலை மூட்டுகளில் அந்த விசை இன்னும் குவிகிறது.

அந்த மூட்டுகள் செய்யப்படும் விதத்தையும் பார்க்க வேண்டும். அக்ரிலிக் பலகை வேலை செய்கிறவர்கள் இரண்டு பலகைகளைச் சேர்த்து நிறுத்தி, இடைவெளியில் சிரிஞ்சு ஊசியால் குளோரோஃபார்மை விடுவார்கள். மெல்லிய இடுக்கில் அது தானாகவே ஓடிப் பரவும். இரு பலகைகளின் விளிம்பையும் லேசாகக் கரைத்து, பிறகு அது ஆவியாகிப் போக, இரண்டும் ஒரே பலகையாக இறுகிவிடும். கரையும் குணம் இருப்பதால்தான் தொட்டியே செய்ய முடிகிறது. அதே குணம்தான் தவறான திரவம் பட்டால் தொட்டியைக் கெடுக்கிறது. லேசரில் வெட்டிய விளிம்பிலும், தீ காட்டிப் பளபளப்பாக்கிய விளிம்பிலும் வெப்பத்தால் உண்டான இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். அங்கே சாராயம் பட்டால் விரிசல் சீக்கிரமே வந்துவிடும்.

கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியாவோ சாராய வகையோ இருக்கிறது. கண்ணாடிக்கு அது நல்லது. அக்ரிலிக் தொட்டியின் வெளிப்புறத்தில்கூட அதைத் தெளிக்காதீர்கள். தெளிப்பானின் சாரல் காற்றில் பறந்து தொட்டிக்குள் விழுந்தால் அம்மோனியா மீனுக்கும் நஞ்சு.

பெர்லினில் ஒரு விடியற்காலை

2022 டிசம்பர் 16. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றிருந்த அக்வாடோம் என்ற மாபெரும் அக்ரிலிக் தொட்டி விடியற்காலையில் வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது. அதிலிருந்த ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. அந்த நேரத்தில் கூடத்தில் கூட்டம் இல்லாததால் மனித உயிர் தப்பியது.

ஆராய்ந்த வல்லுநர்களால் ஒரே காரணத்தை உறுதியாகச் சுட்ட முடியவில்லை. அவர்கள் முன்வைத்த சாத்தியங்களில் ஒன்று நம் வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பிப்பதற்காக அந்தத் தொட்டியை வற்றவைத்திருந்தார்கள். அக்ரிலிக் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும் பொருள். நெடுநாள் தண்ணீரில் இருந்தால் தன் எடையில் 100க்கு 2 பங்கு வரை உறிஞ்சி, மிகக் கொஞ்சம் உப்பும். வற்றவைத்துக் காயப்போட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்பகுதி இன்னும் ஈரத்தில் உப்பியே இருக்கிறது. சுருங்கப் பார்க்கும் தோலை உள்பகுதி விடுவதில்லை. தோலில் இழுவிசை பிறக்கிறது, விரிசலுக்கு வழி பிறக்கிறது.

வீட்டுத் தொட்டி வெடித்துவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் தொட்டியைக் கழுவிவிட்டு, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கவிழ்த்துக் காயவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குச் செய்யலாம். அக்ரிலிக் தொட்டியை நிழலில் வைத்துக் கழுவி, அன்றைக்கே தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். நெடுநாள் காலியாக வைக்க நேர்ந்தால் நிழலில், ஈரத் துணி போட்டு மூடி, மெல்லக் காயவிட வேண்டும்.

கறையைக் கரைக்கும் முறை

இப்போது அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். பாறையில் சுண்ணாம்பைக் கரைத்தது லேசான அமிலம். நாமும் அதையே செய்யலாம். கடையில் சமையலுக்கு விற்கும் வினிகர் 100க்கு 4 பங்கு அசெட்டிக் அமிலம் கொண்டது. ஒரு கிராம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அதில் ஏறத்தாழ 30 மில்லி போதும். வினிகரோடு அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்குங்கள். பழைய பனியன் துணியைக் கலவையில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கோட்டின் மேல் ஒட்டி வையுங்கள்.

கொஞ்ச நேரத்தில் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கறையின் மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரியும். பாறைக்குள் தண்ணீர் சுமந்துவந்த கரியமில வாயுதான் வினிகர் பட்டதும் வெளியேறுகிறது. குமிழி வரும்வரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். கால் மணி நேரம் விட்டுத் துணியாலேயே மெல்ல ஒற்றி எடுத்தால் கறை மாவுபோல வந்துவிடும். வராத இடத்தில் மறுபடி துணியை ஒட்டி வையுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். கடைசியில் வெறும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். தடித்துப்போன பழைய கறையாக இருந்தால் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் செய்வதுதான் முறை.

வடிகட்டிய எலுமிச்சைச் சாறும் இந்த வேலைக்கு ஆகும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும், செறிவாக விற்கும் அசெட்டிக் அமிலமும் பக்கத்திலேயே வரக் கூடாது. முன்னது மீனைக் கொல்லும், பின்னது அக்ரிலிக்கைத் தின்னும். சோப்பும் வேண்டாம், மிச்சம் தங்கினால் மீனின் செவுளுக்குக் கேடு.

பாசிக்கு இவ்வளவு பாடு இல்லை. வாரம் ஒருமுறை மெத்தென்ற துணியால் துடைத்தால் இளம் பாசி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். விட்டு வைத்துப் புள்ளிப்புள்ளியாக இறுகினால்தான் கஷ்டம். அப்போது காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பு உதவும். பிளேடு உதவாது.

மங்கியதை மீட்கலாம்

அக்ரிலிக்கின் மெதுத்தன்மையில் ஒரு வரமும் இருக்கிறது. கீறல் விழுந்த கண்ணாடியை வீட்டில் சரிசெய்ய முடியாது. அக்ரிலிக்கை முடியும். கார் பெயின்ட் விற்கும் கடைகளில் வாட்டர் பேப்பர் கிடைக்கும். கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பாலிஷ் மட்டும் போதும். தட்டினால் 800 எண் பேப்பரில் தொடங்கி, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். பேப்பரும் பலகையும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடுகள் அழிந்துவிட்டனவா என்பது கண்ணுக்குத் தெரியும். அழியாமல் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. 2000 முடிந்ததும் பலகை ஒரே சீராக, பால் படிந்த மங்கலில் இருக்கும். பதற வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு பாலிஷைப் பஞ்சுத் துணியில் எடுத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் தெளிவு திரும்பும். மெஷின் வைத்து வேகமாகத் தேய்த்தால் சூடேறி அக்ரிலிக் இளகிவிடும், கைதான் நல்லது. உள்புறம் செய்தால் பாலிஷ் சுவடே இல்லாமல் கழுவிவிட்டுத்தான் மீன் விட வேண்டும்.

சானிடைசர் உண்டாக்கியது போன்ற உள்விரிசல் இதில் போகாது. அது மேலே இல்லை, பலகைக்குள்ளே இறங்கியிருக்கிறது. மூட்டில் அப்படிப்பட்ட விரிசல் கூட்டமாகத் தெரிந்தால் அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பாதீர்கள். கண்ணாடித் தொட்டிக்குப் பூசும் சிலிக்கோனைப் பூசிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அக்ரிலிக்கில் உறுதியாகப் பிடிக்காது.

எதை வாங்கலாம்

உப்புத் தண்ணீர் ஊரில், மூன்றடிக்குள் ஒரு தொட்டி வைப்பதாக இருந்தால், என் முடிவு கண்ணாடிதான். கறை படியத்தான் போகிறது, வீட்டில் யாராவது ஒருநாள் அவசரத்தில் நாரை எடுக்கத்தான் போகிறார்கள். பெரிய தொட்டி, வளைந்த தொட்டி, மாடிக்குத் தூக்க வேண்டிய தொட்டி என்றால் அக்ரிலிக் வாங்குங்கள். மேசை முழுவதும் சமமாகத் தாங்கும்படி வையுங்கள். மீனையும் தண்ணீரைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் சுண்ணாம்பு ஏறிய தண்ணீரை விரும்பும் மீன்கள். மணப்பாறைத் தண்ணீர் அவற்றுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர்தான். டிஸ்கஸ், நியான் டெட்ரா வளர்க்க ஆசைப்பட்டு உப்போடு மல்லுக்கட்டுவதைவிட இது மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

எந்தத் தொட்டியானாலும், நார் எடுக்கும் தேவையையே குறைக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது போர்த் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ விடுங்கள். மீனுக்கு அந்தத் தாதுச்சத்து வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் உப்பில்லாத தண்ணீர் ஊற்றுங்கள். அது எங்கே கிடைக்கும்? 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. உங்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடி கழுவிப் போகும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடியுங்கள். கொசு புகாமல் டிரம்மை இறுக மூடி வையுங்கள். நம் மூன்றடித் தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர் வீதம் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கும் சேர்த்து 184 லிட்டர்தான் வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்று போதும்.